இறவாதவர்களின் பற்றாக்குறை

பொருளியலுக்கு லயனல் ராபின்ஸ் 1932இல் வகுத்த இலக்கணம் ஒரு நெருக்கடியிலிருந்து தொடங்குகிறது: மனிதர் அடைய விரும்புபவை பல, அவற்றை அடைவிக்கும் வழிவகைகளோ சில, அச்சிலவும் பல பயன்களுக்கு உரியவையாதலால் ஒன்றைத் தேர்ந்தவர் மற்றொன்றை விட்டுவிட நேர்கிறது. நிலமும் பொன்னும் நெல்லும் குறைவாக இருப்பதை எவரும் எளிதில் உணர்வர். அவற்றுக்கெல்லாம் அடியில் காலத்தின் குறைவு கிடக்கிறது. தறியில் கழிந்த இருபது ஆண்டுகளைச் சிற்பக்கூடத்தில் மீண்டும் கழிக்க முடியாது என்பதால்தான் நெய்தவனின் உழைப்புக்குக் கூலி கேட்கப்படுகிறது. பிற்காலத்தில் வரும் பணத்தைவிட இன்று கையிலிருக்கும் பணம் மேலாகத் தோன்றி வட்டி பிறப்பதற்கும் ஆயுளின் எல்லை ஒரு காரணம். அவ்வாறாயின், சாவே இல்லாத ஓரினத்துக்குப் பொருளியல் என ஒன்று இருக்குமா, அவ்வினத்தார் எதையேனும் அரியது என்று மதிப்பரா என்னும் வினா எழுகிறது. கற்பனை விளையாட்டுபோலத் தோன்றும் இவ்வினாவின் மறுபுறத்தில், சாவு தண்டனையா கொடையா என்னும் பழைய சமய வினா இருக்கிறது.

இரண்டையும் ஒருங்கே ஆராய்வதற்கு ஜே. ஆர். ஆர். டோல்கீன் (1892–1973) படைத்த உலகம் வேறெந்தக் கற்பனை உலகையும்விட மிகுதியாக இடம் தருகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த அவர், உறுதியான கத்தோலிக்கர். 1937இல் வெளிவந்த ‘ஹாபிட்’, 1954–55இல் மூன்று பகுதிகளாக வந்த ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’, அவர் மறைந்தபின் மகன் கிறிஸ்டோபர் தொகுத்து 1977இல் வெளியிட்ட ‘சில்மரில்லியன்’ ஆகியவற்றின் வழியே, தனக்கெனப் படைப்புத் தொன்மமும் மொழிகளும் வரலாறும் கொண்ட ஓர் உலகை அவர் எழுப்பினார். அவ்வுலகில் வாழும் இனங்களுள் இரண்டு இங்கே தேவைப்படுகின்றன. ஒன்று எல்ஃபுகள், மூப்பாலோ பிணியாலோ சாகாத, மனிதரைப் போன்ற தோற்றமுடைய இனம். மற்றொன்று ட்வார்ஃபுகள், உயரம் குறைந்த, மலையைக் குடைந்து வாழும் இவ்வினத்தைக் குறளர் எனத் தமிழில் சொல்லலாம். இவர்கள் ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் வாழ்ந்து இறப்பவர்கள்.

எல்ஃபுகளின் இறவாமை முழுமையானதன்று. வாளால் வெட்டுண்டாலும் பெருந்துயரால் மனமொடிந்தாலும் அவர்களின் உடல் வீழும். ஆனால் உயிர் உலகை விட்டு நீங்காமல் மாண்டோஸ் என்னும் காவலரின் மண்டபங்களுக்குச் சென்று தங்கி, தகுதி கண்டபின் மீண்டும் உடல்பெறக்கூடும். உலகம் உள்ளவரை உலகுக்குள்ளேயே இருக்கக் கட்டுண்டவர்கள் என்பதே அவர்களைப் பற்றிய சரியான விளக்கம். மனிதரோ இறந்தபின் உலகின் எல்லைகளைக் கடந்து எங்கோ போய்விடுகின்றனர். எங்கே என்பதை எல்ஃபுகளும் அறியார். டோல்கீனின் தொன்மத்தில் இப்போக்கு, ஐலூவதார் எனப்படும் இறைவன் மனிதருக்கு அளித்த தனிக்கொடை. கிறித்தவ மரபில் சாவு பாவத்தின் கூலியாகவே பெரும்பாலும் பேசப்படுவதால், அதைக் கொடை என்று பெயரிட்டது ஒரு கத்தோலிக்கரின் எழுத்தில் துணிச்சலான செயல்.

காலம் குறையாத இவர்களிடம் எது குறைவாக இருக்கும்? உணவு ஒரு பெரிய சிக்கலாகத் தெரியவில்லை. மக்கட்பெருக்கமும் இல்லை, ஃபியனோர் என்னும் கைவினைஞனுக்குப் பிறந்த ஏழு மைந்தரைவிட அதிகமான பிள்ளைகள் எந்த எல்ஃபுக்கும் பிறந்ததில்லை. லெம்பாஸ் எனப்படும் வழியுணவை ஆக்குவதும் வழங்குவதும் பெண்டிரின், சிறப்பாக அரசியின் உரிமை. அது விற்கப்படுவதில்லை, தரப்படுகிறது. மிர்க்வுட் காட்டு எல்ஃபுகள் மட்டும் ஏரிநகர மனிதரோடு வணிகம் செய்து, டோர்வினியன் நாட்டு மதுவை மிடாக்களில் வரவழைத்து, காலி மிடாக்களை ஆற்றில் மிதக்கவிட்டுத் திருப்பியனுப்புகின்றனர். இறவாத அரசன் ஒருவனின் மாளிகையில் காலி மிடாக்களுக்குக் கணக்கு வைக்கப்படுகிறது என்பது, டோல்கீனின் பக்கங்களில் அரிதாகக் கிடைக்கும் நகைச்சுவைகளுள் ஒன்று.

ஆயினும் எல்ஃபுகளின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அது பொருள்களின்மீது எழுந்த சண்டைகளின் வரலாறாகவே இருக்கிறது. ஃபியனோர், உலகுக்கு ஒளி தந்த இரு மரங்களின் ஒளியைப் பிடித்து சில்மரில் எனப்படும் மூன்று மணிகளுக்குள் அடைத்தான். மரங்கள் நஞ்சூட்டப்பட்டு மடிந்தபோது, அம்மணிகளை உடைத்தால் மரங்கள் பிழைக்கும் என்று கேட்கப்பட்டும் அவன் மறுத்தான். சிலவற்றை ஒருவன் ஒருமுறை மட்டுமே செய்ய முடியும், அவற்றைப்போல் மறுபடி செய்ய இயலாது என்பது அவன் சொன்ன காரணம். பிறகு, மணிகளைக் கவர்ந்தோடிய பகைவனைத் துரத்தக் கப்பல் வேண்டி அவன் டெலரி என்னும் கடலோர எல்ஃபுகளிடம் சென்றபோது, அதே காரணத்தை அவர்கள் அவனிடம் திருப்பிச் சொன்னார்கள்: உங்களுக்கு மணிகள் எப்படியோ எங்களுக்குக் கப்பல்கள் அப்படி, இவற்றை ஒத்தவற்றை இனி எங்களால் கட்ட முடியாது. அந்தக் கரையில்தான் எல்ஃபு எல்ஃபைக் கொன்ற முதற்கொலை நிகழ்ந்தது.

இந்நிகழ்ச்சிகளில் ஒரு பொருளியல் உண்மை பொதிந்துள்ளது. ஆண்டுகள் எத்தனை ஆயிரம் இருந்தாலும் சில செயல்கள் ஒருமுறைக்குமேல் வாய்ப்பதில்லை. அச்செயலைச் செய்யத் தேவைப்பட்ட இளமையோ வேட்கையோ, உலகின் ஒரு குறிப்பிட்ட விடியலோ மீண்டும் வருவதில்லை. மனிதன் ஒரு வீட்டை இழந்தால், தன் வாழ்நாளில் மற்றொன்றைக் கட்ட நேரம் கிடைக்குமா என்று வருந்துவான். எல்ஃபுக்கு நேரம் கிடைக்கும், ஆனால் அந்த வீடு கிடைக்காது. சாவை நீக்கினால் பற்றாக்குறை நீங்கிவிடும் என்னும் எண்ணம் ஆகவே பிழையானது. பற்றாக்குறை காலத்திலிருந்து விலகி, மீளச்செய்ய இயலாதவற்றின்மேல் போய் அமர்கிறது, அமர்ந்தபின் முன்னிலும் கடுமையாகிறது. ஏனெனில் மனிதனின் பற்று அவன் சாவோடு அவிழ்ந்துவிடும். எல்ஃபின் பற்றை அவிழ்க்க எதுவும் வருவதில்லை.

இங்கே சமணர் கூறும் போகபூமியை நினைவுகூர்வது பொருந்தும். போகபூமி என்பது உழவும் தொழிலும் வணிகமும் இன்றி, கற்பக மரங்களே உணவும் உடையும் அணியும் வழங்கும் நிலம். அங்குள்ளோர் கணக்கிடற்கரிய காலம் இன்பம் நுகர்வர், ஆனால் இறுதியில் இறப்பர். சமணர் பற்றாக்குறையை நீக்கிச் சாவை வைத்துக்கொண்டனர். டோல்கீன் சாவை நீக்கிப் பற்றாக்குறையை வைத்துக்கொண்டார். வேறுவேறு வழியில் சென்ற இரு சிந்தனைகளும் ஓரிடத்தில் சந்திக்கின்றன: போகபூமியில் துறவு இல்லை, ஆதலால் வீடுபேறும் இல்லை, அதற்குத் தொழிலும் துன்பமும் உடைய கருமபூமியில் மனிதராகப் பிறக்க வேண்டும். எல்ஃபுகளுக்கும் உலகை விட்டு வெளியேறும் வாயில் அடைபட்டிருக்கிறது. அவ்வாயில் மனிதருக்கே திறந்திருக்கிறது.

வெளியேற முடியாதவர்கள் உள்ளிருப்பதை மாறாமல் நிறுத்திவைக்க முயல்வது இயல்பு. லோத்லோரியன் என்னும் காட்டில் அதன் தலைவி கலட்ரியேல் தன் மோதிரத்தின் ஆற்றலால் காலத்தின் தேய்மானத்தைத் தடுத்துவைத்திருக்கிறாள். அங்கே செல்பவர்க்கு நாட்கணக்கே தப்பிவிடுகிறது. எல்ஃபுகளைப் பிணத்துக்குத் தைலமிட்டுப் பேணுவோரோடு ஒப்பிட்டு டோல்கீனே 1954இல் ஒரு கடிதத்தில் எழுதினார். வாசகர்கள் அழகென்று மயங்கிய இடத்தைப் படைத்தவரே நோயென்று காட்டியது கவனிக்கத்தக்கது. தத்துவ அறிஞர் பெர்னார்ட் வில்லியம்ஸ் 1973இல் வெளியான கட்டுரையொன்றில், கரேல் சாப்பெக்கின் நாடகத்தில் வரும், முந்நூறு ஆண்டுகளுக்குமேல் வாழ்ந்த பெண்ணை எடுத்துக்கொண்டு, முடிவற்ற வாழ்வு சலிப்பில்தான் முடியும் என்று வாதிட்டார். டோல்கீனின் எல்ஃபுகள் இவ்வாதத்துக்கு முழுதும் உடன்படுவதில்லை. அவர்களை வாட்டுவது சலிப்பைவிடத் துயரம். உலகின்மீது அவர்களுக்கு ஆர்வம் தீர்வதில்லை, உலகம்தான் அவர்கள் கண்முன் தீர்ந்துகொண்டே போகிறது. இவ்விரண்டில் டோல்கீனின் கணிப்பே மனித இயல்புக்கு நெருக்கமானது எனலாம், நெடுங்காலம் வாழ்ந்த முதியோர் பெரும்பாலும் பேசுவது சலிப்பைப் பற்றியன்று, போய்விட்டவற்றைப் பற்றியே என்பதால்.

குறளரின் நிலை வேறு. இவர்களைப் படைத்தவன் இறைவனல்லன். ஆவ்லே என்னும் கைத்தொழில் தேவன். தன் கலையைக் கற்பிக்க மாணவர் வேண்டும் என்னும் ஆவலால் பொறுமையிழந்து, இறைவனறியாமல் செய்ததாக எண்ணி, அவன் குறளரின் ஏழு தந்தையரை வடித்தான். உயிர்தரும் ஆற்றல் உனக்கில்லை, நீ நினைத்தாலன்றி இவை அசையா என்று ஐலூவதார் உணர்த்தியபோது, ஆவ்லே கண்ணீரோடு தன் படைப்பை நொறுக்கச் சம்மட்டியை ஓங்கினான். அப்போது அவை அஞ்சிப் பின்வாங்கின. அந்த அச்சமே அவற்றுக்குத் தனியுயிர் வந்துவிட்டதற்குச் சான்றாயிற்று. இறைவன் அவற்றை ஏற்றுக்கொண்டார். செய்ததைத் தனதென்று பற்றாமல் ஒப்புக்கொடுத்தவனின் படைப்பு உயிர்பெற்றது. தனதென்று பற்றிய ஃபியனோரின் மணிகள் அவன் குலத்தையே அழித்தன. இவ்விரு கதைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருப்பவை.

குறளர் நாட்டின் பொருளாதாரம் முழுதும் கைவினையின்மேல் நிற்கிறது. தம் முன்னோர் உணவைப் பயிரிடவோ தேடவோ மெனக்கெட்டதில்லை என்றும், அண்டை மனிதர் தம் பிள்ளைகளைத் தொழில் பயில அனுப்பி அதற்குக் கைம்மாறாக உணவுப்பொருளே மிகுதியாகத் தந்தனர் என்றும் ‘ஹாபிட்’டில் குறளர் தலைவன் தோரின் பெருமையோடு கூறுகிறான். பெருமைக்குரியதாக அவன் கருதியது உண்மையில் பெரும் வலுவின்மை. சோற்றுக்குப் பிறரை நம்பிய மலைநகரம் ஒன்று அண்டை நகரம் எரிந்தால் தானும் பட்டினி கிடக்கும். மக்கட்தொகையும் அவ்வாறே நலிந்தது: பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மிகார், ஆண்களில் பலர் தொழிலில் மூழ்கி மணம் செய்வதில்லை. மோரியா சுரங்கத்தில் கிடைத்த மித்ரில் என்னும் வெள்ளொளி உலோகம் ஒருகாலத்தில் பொன்னைப்போல் பத்து மடங்கு விலை பெற்றது. அதைத் தேடி மேலும் மேலும் ஆழத் தோண்டியதால்தான் பாதாளத்திலிருந்த தீயுருவம் விழித்து, அவர்களின் பெருநகரம் அழிந்தது.

இதனால் குறளர் பேராசைக்காரர் என்னும் முடிவு எளிதில் எட்டப்படுகிறது. அதில் ஓர் ஆபத்தும் உண்டு. நாடிழந்து, எந்நாட்டிலும் உள்ளூராராகவும் அயலாராகவும் ஒருசேர வாழ்ந்து, தமக்கென மறைமொழி வைத்திருக்கும் இவர்களை யூதரோடு ஒப்பிட்டு டோல்கீன் 1955இல் ஒரு கடிதத்தில் எழுதினார். பொன்னாசை யூதர்மீது ஐரோப்பா நெடுங்காலம் சுமத்திய பழி. அவ்வொப்புமையைச் செய்தவர் 1938இல் ஜெர்மானியப் பதிப்பகம் தம் ஆரிய வம்சாவளியைக் கேட்டபோது சினந்து மறுமொழி வரைந்தவர் என்பது உண்மையே, ஆயினும் அந்நல்லெண்ணம் ஒன்றே அவர் கையாண்ட படிமத்தைத் தூய்மையாக்கிவிடாது. அப்படிமத்தை உள்ளிருந்தே திருத்தும் இடம் கிம்லி என்னும் குறளனின் பேச்சில் வருகிறது. ஒளிரும் குகைகளைக் கண்டு திரும்பிய அவன், எந்தக் குறளனும் மணிக்காகவோ பொன்னுக்காகவோ அவற்றை வெட்டமாட்டான், மலர்ந்த மரங்களைப் பேணுவதுபோல் பேணுவான், ஒரு நாள் முழுதும் கவலையோடு உழைத்து ஒரு சிறு சில்லை மட்டும் பெயர்த்தெடுப்பான் என்கிறான். வருவாயைக் கணக்கிடுபவனின் சொல்லன்று அது.

இவ்விரு இனமும் நேருக்குநேர் மோதிக்கொண்டது கூலி பற்றிய வழக்கில். எல்ஃபு அரசன் திங்கோல், முன்னர் தன் குகை மாளிகையைக் குடைந்துதந்த குறளருக்கு முத்துகளைக் கூலியாகத் தந்து உறவு பேணியவன். பின்னாளில், குறளரின் முன்னோர் செய்த நவுக்லமீர் என்னும் கழுத்தணியில் சில்மரில் ஒன்றைப் பதித்துத் தருமாறு நோக்ரோத் நகரக் குறளரைப் பணித்தான். வேலை முடிந்ததும் அணி எங்கள் முன்னோர் செய்தது, எங்களுக்கே உரியது என்று அவர்கள் வாதிட, அரசன் அவர்களை இழிவாகப் பேசிக் கூலியின்றி விரட்டப்பார்த்தான், அங்கேயே கொல்லப்பட்டான். பிறருக்குச் செய்துகொடுத்த பொருளில் செய்தவனுக்கு எஞ்சும் உரிமை எவ்வளவு என்பது இவ்வழக்கின் சாரம். எல்ஃபின் கணக்கில் உடைமை என்பது நினைவு. குறளரின் கணக்கில் உழைப்பு. இரண்டுக்கும் பொதுவான நாணயம் இல்லாதபோது நீதிமன்றமும் இருக்க முடியாது.

பிற்காலத்தில் அந்நாணயத்தைக் கண்டவன் கிம்லி. என்ன பரிசு வேண்டும் என்று கலட்ரியேல் கேட்டபோது அவன் அவள் கூந்தலில் ஓரிழை வேண்டினான். அவள் மூன்று தந்தாள். முன்பொரு காலத்தில் ஃபியனோர் மும்முறை கேட்டும் அவள் ஓரிழையும் தரவில்லை என்பது 1980இல் வெளியான ‘அன்ஃபினிஷ்ட் டேல்ஸ்’ தொகுப்பால் தெரியவருகிறது.

உலகத்தின் முடிவுக்குப் பின் தமக்கு என்ன என்பதை எல்ஃபுகள் அறியார். குறளர் இறந்தால் தாம் உருவான மண்ணுக்கும் கல்லுக்குமே திரும்புவர் என்று எல்ஃபுகள் முன்பு எண்ணினர். குறளர் அதை நம்புவதில்லை. தம்மைச் செய்த ஆவ்லே தம்மைத் தனிமண்டபங்களில் சேர்த்து வைத்திருப்பான் என்றும், இறுதிப்போர் முடிந்து உடைந்த உலகை மீண்டும் ஆக்கும் நாளில் அவனுக்கு உதவியாட்களாகத் தாம் நிற்போம் என்றும் அவர்கள் சொல்லிக்கொள்கின்றனர். அவர்களின் மறுமையில் இன்பம் பற்றிய பேச்சில்லை, பொன் பற்றிய பேச்சும் இல்லை; செய்வதற்கு வேலை இருக்கிறது.