கோளாறு நீங்குதலும் காரணம் அறிதலும்

கோளாறு ஒன்று நீங்கிவிட்டது என்பதனாலேயே அதன் காரணம் அறியப்பட்டுவிட்டது எனக் கொள்ளலாமா என்னும் வினா, அளவைகளைப் பற்றிய அறிவாய்வோடு நெருங்கிய தொடர்புடையது. அறிவைத் தரும் வழிகளையே தத்துவ நூல்கள் அளவை என்கின்றன. மணிமேகலை அவற்றுள் நேர்க்காட்சியைக் காண்டல் என்றும், கண்டதைக் கொண்டு காணாததைத் துணிவதைக் கருதல் என்றும் வழங்குகிறது. 1983இல் வெளிவந்த மாருதி 800இன் தொடக்ககால வண்டிகளைப் போல, கார்புரேட்டர் பொருத்திய பழைய கார் ஒன்றில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பின்னும் எஞ்சின் வேகம் இறங்காமல் நிற்பது இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற களம். பிழையான துணிவு இங்கே உயிரைப் பறித்துவிடக்கூடும்.

பெடலை மிதிக்கும்போது உறைக்குள் ஓடும் கேபிள் இழுபட்டு, கார்புரேட்டரின் பக்கத்திலுள்ள நெம்பைத் திருப்ப, காற்றும் பெட்ரோலும் கலந்து செல்லும் துளையின் குறுக்கே ஓர் அச்சில் சுழலும் வட்டத் தகடு திறக்கிறது, இத்தகடே திராட்டில். காலை எடுத்ததும் அதை மூடவைப்பது ஸ்பிரிங். கேபிளின் இழைகள் பிரிந்து உறைக்குள் சிக்கினாலும், புகைக்குழாயின் சூட்டில் உறை உருகி நெளிந்தாலும், தகட்டின் விளிம்பில் பிசினும் கரியும் படிந்தாலும், அச்சு தேய்ந்து தகடு சாய்ந்தாலும், ஸ்பிரிங் தளர்ந்தாலும், காலடியில் விரித்த மேட் நகர்ந்து பெடலை அழுத்தினாலும் தகடு மூடாது. தகட்டின் இயக்கத்தில் எக்குறையும் இல்லாதபோதுகூட, சோக் முழுதாகத் திரும்பாமையால் அதனோடு இணைந்த நெம்பு திராட்டிலைச் சற்றே திறந்து பிடித்திருக்கலாம். கார்புரேட்டருக்கு அடியிலுள்ள கேஸ்கட் வழியே காற்று கசிந்து எஞ்சின் வேகம் இறங்கத் தாமதிக்கலாம். ஆகவே ‘வேகம் இறங்கவில்லை, எனவே கேபிள் இறுகுகிறது’ என்னும் துணிவு, அநைகாந்திகம் என்று தருக்க நூலார் பெயரிட்ட குற்றத்துக்கு உள்ளாகிறது. நிறுவ வேண்டிய பொருள் இல்லாத இடத்திலும் அதற்குக் காட்டப்படும் ஏது காணப்படுவதே அக்குற்றம்.

இக்குற்றத்தைத் தவிர்க்க இந்தியத் தருக்க மரபு வகுத்த முறை அந்வயமும் வியதிரேகமும் ஆகும். ஒன்று இருக்கும்போது மற்றொன்றும் இருப்பது அந்வயம். அது இல்லாதபோது மற்றதும் இல்லாதிருப்பது வியதிரேகம். 1843இல் வெளிவந்த தருக்க நூலில் ஜான் ஸ்டூவர்ட் மில் வகுத்த ஒற்றுமை, வேற்றுமை முறைகளும் இதற்கு மிக அருகில் வருபவை. தேர்ந்த மெக்கானிக் எஞ்சினை நிறுத்திவிட்டு, கேபிளை நெம்பிலிருந்து கழற்றி, நெம்பை விரலால் திருப்பி விடுகிறார். அது உடனே சட்டென்று மூடிக்கொண்டால் கார்புரேட்டர்ப் பக்கத்தின் மீதுள்ள ஐயம் பெரிதும் குறைந்து, கேபிளும் பெடலும் ஆராய வேண்டியவையாகின்றன. அப்போதும் சோம்பித் திரும்பினால் தகடு, அச்சு, ஸ்பிரிங் ஆகியவற்றை நோக்க வேண்டும். ஒன்றை மட்டும் விலக்கி மற்றவற்றை இருந்தபடியே விடுவதுதான் இச்சோதனைக்கு வலிமை தருகிறது.

ஆயினும் இங்கே ஓர் இடர் உண்டு. வண்டி ஓடிச் சூடேறியபோது மட்டும் ஒட்டும் திராட்டில், பட்டறையில் குளிர்ந்து நிற்கும்போது தடையின்றித் திரும்பும். அதைக் கண்டு ‘கோளாறு இல்லை’ என்று சொல்லிவிடுவது எளிது. இல்லாமையை எவ்வாறு அறிவது என்பதைக் குமாரிலபட்டர் வழிவந்த மீமாம்சகர் என்னும் தத்துவ மரபினர் நுணுகி ஆராய்ந்தனர். ஒரு பொருள் காணப்படாமை அதன் இன்மையைக் காட்ட வேண்டுமானால், அப்பொருள் அங்கு இருந்திருப்பின் காணப்பட்டே இருக்கும் என்னும் நிலை வேண்டும். இருளில் குடம் தெரியாததால் குடம் இல்லை என்று ஆகிவிடாது. காணாமையைத் தனி அளவையாக ஏற்காத நையாயிகரும், அதாவது நியாய மரபினரும், இந்த நிபந்தனையை ஏற்றனர். குளிர்ந்த எஞ்சினில் ஒட்டுதலைக் காணாமை அத்தகைய தகுதியற்ற காணாமையே. கோளாறு தோன்றிய அதே சூட்டில் மீண்டும் சோதித்தால்தான் அச்சோதனை அளவையாகும்.

இனி, கேபிளுக்கு எண்ணெய் விட்டு, துளையைக் கிளீனரால் கழுவி, மேட்டையும் இழுத்துச் சரிசெய்து, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முடித்தபின் பெடல் இலகுவாகிவிட, ‘கேபிள்தான் காரணம்’ என்று ஒருவர் கூறுவதாகக் கொள்வோம். அக்கூற்று மெய்யாகவே இருக்கலாம். ஆனால் அது அறிவாகுமா? 8ஆம் நூற்றாண்டுப் பௌத்த அறிஞர் தர்மோத்தரர் தந்த எடுத்துக்காட்டு இங்கே பொருந்துகிறது: இறைச்சி வாட்ட அப்போதுதான் மூட்டிய தீயில் இன்னும் புகை எழவில்லை, மணத்தை நாடி வந்த பூச்சிக்கூட்டத்தைத் தொலைவிலிருந்து ஒருவன் புகையென மயங்கி, அங்கே தீ உண்டு என்று துணிகிறான். தீ அங்கே இருக்கிறது. எனினும் அவன் அதை அறிந்தவன் அல்லன். எட்மண்ட் கெட்டியர் 1963இல் எழுதிய சிறு கட்டுரைக்குப் பின் மேலைத் தத்துவம் விரிவாக விவாதித்த சிக்கல் இதுவே.

இதைவிடக் கவலைக்குரியது, பழைய ஸ்பிரிங்குக்குப் பதிலாக வலுவான ஒன்றை மாட்டிவிடுவது. பிரிந்த இழைகள் உறையை உராய்ந்தபடியே இருக்க, கூடுதல் இழுவிசை அவ்வுராய்வைச் சில காலம் மறைத்துவிடும். தேய்மானமோ உள்ளே தொடரும். நியாய மரபின் மூலநூலான நியாய சூத்திரம், துன்பத்துக்குப் பிறப்பும், பிறப்புக்குச் செயலும், செயலுக்குக் குற்றங்களும், குற்றங்களுக்குப் பொய்யறிவும் காரணமெனத் தொடுத்து, கடைசியில் நிற்பது நீங்கினால்தான் முன்னுள்ளவை முறையே நீங்கும் என்கிறது. வீடுபேற்றை நோக்கிச் சொல்லப்பட்ட இவ்வொழுங்கு, இழை பிரிந்த கேபிளை எண்ணெயிட்டு ஒப்பேற்றாமல் மாற்றுவதற்கும், புதியதைக் கூர்வளைவின்றி, தகட்டை இழுத்துப் பிடிக்காத அளவு தளர்வு விட்டுப் பொருத்துவதற்கும் நியாயம் கற்பிக்கிறது என்பது மிகையான கூற்று அன்று.

வண்டியின் உரிமையாளர் இவற்றில் எதையும் காண்பதில்லை. அவருக்குக் கிடைப்பது மெக்கானிக்கின் சொல் மட்டுமே. நம்பத்தக்கவரின் சொல்லையும் நியாய மரபு அளவையாக ஏற்கிறது. பொருளை நேரில் அறிந்து, அறிந்தவாறே பிறர்க்கு உரைக்க விரும்புபவரே ஆப்தர் என அச்சூத்திரத்தின் உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் இலக்கணம் கூறி, அவ்விலக்கணம் முனிவர், ஆரியர், மிலேச்சர் அனைவருக்கும் ஒன்றே என்று சேர்க்கிறார்; கரி படிந்த கையோடு நிற்பவரும் அதற்குள் அடங்குவார். அத்தகுதியைக் காக்க விரும்பும் மெக்கானிக், காரணத்தைப் பிரித்தறியாத நாளில், பெடல் இப்போது இலகுவாகிவிட்டது, எதனால் என்று தெரியவில்லை, சூடான எஞ்சினில் சோதித்துப் பார்க்கும்வரை வண்டியை எடுக்க வேண்டாம் என்றே உரிமையாளரிடம் சொல்வார்.