வசித்தல்: ஒரு வழக்கும் ஒரு ஒப்பந்தமும்

ஒருவர் ஓரிடத்தில் வசிக்கிறார் என்று எப்போது சொல்லலாம்? அசட்டுக் கேள்வியாகத் தோன்றும். அங்கே படுத்து எழுகிறார், அங்கே சாப்பிடுகிறார், அந்தத் தெருவின் நாய்க்கு அவரைத் தெரியும் என்றால் அங்கே வசிக்கிறார் என்றுதான் பொருள். 2013 மார்ச் 25 அன்று ஹாங்காங்கின் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படியல்ல என்று தீர்ப்புச் சொன்னது. எவாஞ்சலின் வல்யேஹோஸ் பிலிப்பைன்ஸிலிருந்து 1986இல் வீட்டு வேலைக்கு அங்கே வந்தவர். ஏழு வருஷம் தொடர்ந்து சாதாரணமாக வசித்த அந்நியருக்கு நிரந்தர வசிப்புரிமை கேட்கும் வழி அந்த ஊர்ச் சட்டத்தில் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் வங்கி அதிகாரி அப்படிக் கேட்கலாம். வீட்டு வேலைக்காரி கேட்க முடியாது. அவருடைய கால் நூற்றாண்டு 'சாதாரண வசிப்பு' ஆகவில்லை.

தீர்ப்பின் தர்க்கம் கவனத்துக்குரியது. ஒப்பந்தம் முடிந்தால் அவர் ஊர் திரும்ப வேண்டியவர், எஜமானர் வீட்டில்தான் தங்க வேண்டியவர், தன்னைச் சார்ந்தவர்களை அழைத்துவர முடியாதவர், குடியேறுவதற்காக அனுமதிக்கப்படவில்லை என்று முதலிலேயே சொல்லப்பட்டவர். ஆகவே அவர் இருப்பு வசிப்பு அல்ல. இந்த நிபந்தனைகள் எல்லாமே அரசு விதித்தவை. காலைக் கட்டிவிட்டு, இவன் நடக்கிறவன் அல்ல என்று சான்றிதழ் கொடுப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இதற்கு நேர் எதிராகக் கனடாவைச் சொல்வது வழக்கம். 1981இல் அந்த நாடு ஒரு திட்டம் கொண்டுவந்தது. குழந்தைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ள வரும் அந்நியப் பெண், எஜமானர் வீட்டிலேயே தங்கி இரண்டு வருஷம் வேலை செய்தால், நிரந்தர வசிப்புக்கு உள்ளிருந்தபடியே விண்ணப்பிக்கலாம். 1992இல் அது வேறு பெயரில் தொடர்ந்தது: மூன்று வருஷத்துக்குள் இருபத்துநான்கு மாதம் நிறைவு செய்ய வேண்டும். பிறகு 2010இல் கெடு நான்கு வருஷமாயிற்று. 2014இல் உடன் தங்கும் கட்டாயம் நீங்கியது. ஹாங்காங்கில் காலம் கணக்கிலேயே வராது. இங்கே வந்தது. மனிதத்தன்மை என்று பார்த்தால் பின்னது மேல் என்பதில் தகராறு இல்லை. பிலிப்பைன்ஸிலிருந்தும் கரீபியனிலிருந்தும் போன ஆயிரக்கணக்கான பெண்கள் இந்த வழியாகத்தான் ஒரு நாட்டை அடைந்தார்கள். அதை நக்கல் செய்ய நமக்கு யோக்கியதை இல்லை. ஆனால் காலம் எந்தக் கணக்கில் வந்தது என்பது தனிக் கேள்வி.

நான் வங்கிக் குமாஸ்தா. நகைக் கடன் லெட்ஜரை நாள்தோறும் பார்க்கிறவன். அடகு என்ற ஏற்பாட்டில் ஒரு நேர்மை உண்டு. கடன் தீர்ந்தால் வைத்த சங்கிலி, வைத்த எடையோடு திரும்பி வரும். கனடாவின் இருபத்துநான்கு மாதமும் ஒரு அடகுதான். ஆனால் அந்தப் பெண் அடகு வைத்தது தன் உழைப்பை அல்ல; உழைப்புக்குக் கூலி தனியே உண்டு. அடகு வைத்தது, வேலையை விட்டுப் போகும் சுதந்திரத்தையும் தன் பிள்ளைகளோடு இருந்திருக்கக் கூடிய நாட்களையும். அனுமதிச் சீட்டில் எஜமானர் பெயர் இருந்தது. வீட்டை மாற்றினால் புதுச் சீட்டு வேண்டும். அது வரும்வரை மாதங்கள் கணக்கில் ஏறாது. எனவே கெட்ட எஜமானரையும் சகித்துக்கொள்வதே புத்திசாலித்தனம் ஆயிற்று. இரண்டு வருஷம் முடிந்தாலும் காகிதம் வரப் பல வருஷம் ஆகும். ஐந்து வயதில் விட்டு வந்த மகன் பதின்மூன்று வயதில் விமான நிலையத்தில் வந்து நிற்பான். வைத்த பொருள் வைத்த எடையில் திரும்புவதில்லை.

இந்தப் பிள்ளைகள் விஷயத்தில்தான் முழு விவகாரத்தின் முடிச்சு இருக்கிறது. 1955இல் கனடா, ஜமைக்காவிலிருந்தும் பார்படோஸிலிருந்தும் முதலில் நூறு பெண்களை வீட்டு வேலைக்கு வரவழைத்தது. ஒரு வருஷம் வேலை செய்ய வேண்டும். நிரந்தரக் குடியேற்றமோ வந்திறங்கும்போதே கிடைத்துவிடும். பின்னால் வந்த திட்டங்களைவிடத் தாராளமானது. ஆனால் ஒரு நிபந்தனை: கல்யாணமாகாதவராக, பிள்ளை இல்லாதவராக இருக்க வேண்டும். வேலையோ பிள்ளை வளர்ப்பது. பிள்ளை வளர்த்த கை வேண்டும், பிள்ளை வேண்டாம். பல பெண்கள் தங்கள் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாமல் வந்தார்கள். பின்னர் அவர்களை அழைத்துக்கொள்ள மனுப் போட்டபோது, முன்பு மறைத்தது குற்றமாயிற்று. 1977இல் ஏழு ஜமைக்காத் தாய்மார்களை நாடு கடத்த உத்தரவாயிற்று. பெரும் கிளர்ச்சிக்குப் பிறகே, 1979இல், அவர்கள் தங்க முடிந்தது. பொய் சொன்னது யார் என்று கேட்டுப் பார்க்கலாம். எனக்குப் பிள்ளை இல்லை என்று சொன்ன பெண்ணா, பிள்ளை இல்லாத தாய்மை என்று ஒன்று கிடைக்கும் என்று விளம்பரம் செய்த அரசா?

நம் அகமரபில் நற்றாய்க்குப் பக்கத்தில் செவிலித்தாய் இருக்கிறாள். உடன்போன தலைவியைத் தேடிப் பாலை வழியில் நடப்பவள் செவிலி. நற்றாய் வீட்டிலிருந்து புலம்புவாள். தோழி செவிலியின் மகள் என்கிறது தொல்காப்பியம். ஏற்றத்தாழ்வு நிறைந்த சமூகத்தின் கற்பனைதான். மகளும் ஏவலுக்குத்தான் நின்றாள். ஆனால் செவிலிக்கு ஒரு மகள் உண்டு, அவளும் அதே வீட்டுக்குள் இருப்பாள் என்பதை அந்தக் கற்பனை மறைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் ஒரு ஜனநாயகம் அந்த மகளை வாசலுக்கு வெளியே நிறுத்தியது.

இதைச் சுரண்டல் என்று ஒரே வார்த்தையில் சொல்லி எழுந்துபோவது சுலபம். நம் முற்போக்கு நண்பர்கள் அதைத்தான் செய்வார்கள். சங்கடம் எங்கே என்றால், அந்தப் பெண்ணுக்கும் அவள் வளர்க்கும் குழந்தைக்கும் நடுவே உண்டாகும் பிரியம் பொய்யல்ல. நள்ளிரவில் குழந்தை அவள் பெயர் சொல்லித்தான் அழுகிறது. நினைவு தப்பிய கிழவர் அவள் கையில்தான் சோறு வாங்குகிறார். அந்நியமாதல் என்ற வாய்பாட்டுக்குள் இது அடங்காது. அடிமை, தான் உருவாக்கும் பொருளில் தன்னைக் காண்கிறான் என்றார் ஹெகல். இவள் உருவாக்கும் பொருள் ஒரு குழந்தை. அது வளர்ந்து ஓட்டுப் போடும், சட்டம் எழுதும், யாரை உள்ளே விடலாம் என்று தீர்மானிக்கும். பிரஜையை உருவாக்கியவள், பிரஜையாவதற்குத் தகுதியை நிரூபித்துக்கொண்டிருப்பாள். 1981 திட்டத்தில் அவள் மேற்படிப்புப் படித்ததையும், தொண்டு செய்ததையும், பணம் சேமித்ததையும்கூடக் காட்ட வேண்டியிருந்தது. அங்கே பிறந்தவர் எவரும் தன் பாஸ்புக்கைக் காட்டிப் பிரஜையானதில்லை.

தகுதி என்ற இந்த எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஹுவானா டெஹாடா சாட்சி. பிலிப்பைன்ஸிலிருந்து 2003இல் கனடா போய், விதித்த காலம் முழுக்க வேலை செய்தவர். நிரந்தர வசிப்புக்கான மருத்துவப் பரிசோதனையில் புற்றுநோய் தெரிந்தது. மருத்துவச் செலவு நாட்டுக்குப் பாரமாகும் என்று மனு தள்ளுபடியாயிற்று. பிறரின் நோயைப் பார்த்துக்கொண்டு சம்பாதித்த உரிமை, தனக்கு நோய் வந்ததும் செல்லாமல் போயிற்று. பொதுஜன எதிர்ப்புக்குப் பிறகு 2008இல் உரிமை கிடைத்தது. 2009 மார்ச்சில் அவர் இறந்தார். அந்த இரண்டாவது பரிசோதனை 2010இல் நீக்கப்பட்டது.

ஒரு நாடு யாரை அழைக்கலாம் என்று தீர்மானிக்கக் கூடாதா என்று கேட்பார்கள். கூடும் என்றே வைத்துக்கொள்வோம். அழைக்காதிருக்க உரிமை உண்டு. ஆனால் படுக்கையறைவரை அழைத்து, தகப்பனின் உடம்பைக் கழுவச் சொல்லிவிட்டு, நீ இன்னும் எல்லைக்கு வெளியேதான் நிற்கிறாய் என்று சொல்லும் உரிமை அதிலிருந்து பிறக்காது. மைக்கேல் வால்ஸர் 1983இல் எழுதிய நூலில், விருந்தினர் தொழிலாளரை வைத்திருக்கும் நாட்டை உடன் தங்கும் வேலைக்காரர் உள்ள குடும்பத்துக்கு ஒப்பிட்டு, அது ஒரு குட்டிக் கொடுங்கோல் என்றார். அவருக்கு உவமை, இந்தப் பெண்களுக்கு அதுவே விலாசம்.

ஓரிடத்தில் வசிப்பதனால் மட்டும் ஒருவன் பிரஜையாகிவிடமாட்டான், அந்நியரும் அடிமைகளும்கூடத்தான் வசிக்கிறார்கள் என்று வாதித்தவர் அரிஸ்டாட்டில். ஸ்டகீராவில் பிறந்து ஏதென்ஸில் காலம் கழித்த அவரே அங்கே அந்நியர்தான். அலெக்ஸாண்டர் இறந்ததும், கி.மு. 323இல், ஏதென்ஸைவிட்டு வெளியேற நேர்ந்தது. அடுத்த வருஷம் கால்கிஸில் செத்துப்போனார். தன் ஸ்திதியையே அவர் தத்துவமாக்கி ஒப்புக்கொண்டார் என்று தோன்றுகிறது. ஒப்புக்கொள்ளாமல் வழக்குப் போட்ட வல்யேஹோஸ் இந்த ஒரு விஷயத்தில் அவரைவிட மேலான சிந்தனையாளர்.

வந்திறங்கும்போதே நிரந்தர வசிப்பு என்று 2024 ஜூனில் கனடா மீண்டும் அறிவித்தது. ஏதோ புதிது போல. 2025 மார்ச் 31 அன்று விண்ணப்பம் திறந்தபோது, ஏற்கெனவே உள்ளே வேலை செய்கிறவர்களுக்கே அது திறந்தது. வெளியிலிருந்து வருபவர்களுக்கான கதவு அன்று திறக்கவில்லை. எழுபது வருஷம் சுற்றி வந்து 1955இன் வாசலுக்கே நாடு திரும்பியிருக்கிறது. வாசலில் காகிதம் கொடுப்பது சரிதான். அதற்காகப் போராடியவர்கள் சரியாகவே போராடினார்கள். ஆனால் 1955இன் பெண்ணுக்கும் வாசலில் காகிதம் கிடைத்தது. அதைக் கையில் வாங்கும்போது தனக்கு யாருமில்லை என்று அவள் சொல்ல வேண்டியிருந்தது. வசிப்பது என்றால், தனக்கு யார் இருக்கிறார்கள் என்று பயமில்லாமல் சொல்ல முடிவது. அந்த அர்த்தத்தில் அவள் வசிக்கத் தொடங்கியது, தன் பிள்ளைகளின் பெயரை மனுவில் எழுதிய நாளில்தான். அரசு நாடு கடத்தத் துணிந்ததும் அதே எழுத்துக்காகத்தான்.