நழுவிய கண்ணி



ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரக் கலைக்கூடத்தில் ஒரு பீட ஓவியம் இருக்கிறது. 1400-ஆம் ஆண்டையொட்டித் தீட்டப்பட்டது. மாஸ்டர் பெர்ட்ராம் என்ற ஓவியரின் பெயரால் அறியப்படுவது. அதில் அன்னை மரியா நான்கு ஊசிகளைக் கொண்டு மகனுக்குச் சட்டை பின்னுகிறார். உடல் பகுதி முடிந்து கழுத்துக்கு வந்துவிட்டார். பக்கத்தில் பாலன் இயேசு. எதிரே சிலுவையும் ஈட்டியும் ஏந்தி வானதூதர்கள்.

படைவீரர்கள் கிழிக்க மனமின்றிச் சீட்டுப்போட்ட, இயேசுவின் தையலில்லா அங்கியை நாம் அறிவோம். அது நெய்யப்பட்டது என்கிறார் யோவான். ஓவியர் அதைப் பின்னலாகக் கண்டார். வட்டமாகப் பின்னினால் தையலே வராது அல்லவா! கார்த்தேஜ் ஆயர் புனித சிப்பிரியான் அந்த அங்கியைப் பிளவுபடாத திருச்சபையின் அடையாளம் என்றார். அது 3-ஆம் நூற்றாண்டு.

நம் பங்கு மண்டபத்தில் சகோதரிகள் சிலர் புதிதாக உல்லன் பின்னக் கற்கிறார்கள். பச்சிளம் குழந்தைகளுக்குக் குல்லாய் பின்னுகிறார்கள். அவர்கள் ஊசி பிடிப்பதைப் பார்த்தபோதுதான் அந்த அங்கி எனக்கு இன்னும் நன்றாக விளங்கியது.

40 கண்ணி போட்டுத் தொடங்குகிறார் ஒருவர். சில வரிசைகள் கழித்து எண்ணினால் 39. எங்கோ ஒன்று ஊசியிலிருந்து நழுவியிருக்கிறது. பதற்றத்தில் நூலை இழுக்கிறார். அது இன்னும் கீழே இறங்குகிறது. இன்னொருவர் ஓரத்தில் புதிதாக ஒரு கண்ணியைச் சேர்த்துவிடுகிறார். கணக்கு 40 ஆகிவிட்டது. ஓட்டை அப்படியே இருக்கிறது.

கற்றுத்தரும் அம்மா முதலில் செய்வது, நழுவிய கண்ணியில் ஓர் ஊக்கைக் குத்தி, மேலும் இறங்காமல் நிறுத்துவதுதான். பிறகு குரோஷா ஊசியை அந்தக் கண்ணிக்குள் விட்டு, மேலே குறுக்காக நிற்கும் இழைகளை ஒவ்வொன்றாக அதன் வழியே இழுத்து ஏற்றுகிறார். ஒரு வரிசையையும் தாண்ட முடியாது. வெளியிலிருந்து நூலும் வேண்டாம். அந்தக் கண்ணிக்குரிய இழை அங்கேயே காத்திருக்கிறது.

அன்புக்குரியவர்களே, தந்தை தம்மிடம் ஒப்படைத்தவருள் எவரையும் இழக்கக் கூடாது என்பதே அவருடைய திருவுளம் என்றார் ஆண்டவர். நம் பங்கிலிருந்து நழுவியவர்கள் இருக்கிறார்கள். புதுக் குடும்பங்கள் வந்து சேர்ந்ததால் பதிவேட்டில் எண்ணிக்கை குறையவில்லை. அதனால் நமக்கும் உறைக்கவில்லை. ஞாயிறு பூசைக்கு வாருங்கள் என்று மேலே நின்று கூப்பிடுகிறோம். அவர்கள் நழுவியதோ பல வரிசைக்குக் கீழே: தகப்பனாரின் அடக்கத்தன்று நாம் பேசிய ஒரு சொல்லில், திருவிழாத் தேரின்போது சாதியைச் சொல்லி ஒதுக்கிய ஒரு நாளில். அந்த இடத்துக்கு நாம் இறங்கிப் போக வேண்டும். நடந்ததை அவர்கள் சொல்ல, குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். மன்னிப்பும் கேட்க வேண்டும். திருமுழுக்கில் அவர்கள் பெற்ற அருள் அறுந்துபோகவில்லை.

அன்பியப் பொறுப்பாளர்களே, உங்கள் பகுதியில் அப்படிப்பட்ட வீடு எதுவென்று உங்களுக்குத் தெரியும். இன்று மாலை செபமாலை முடிந்ததும் நான் அங்கே போகிறேன். வருத்தம் உண்டாக்கியவர்களும் உடன் வாருங்கள்.