பரியாயச் சொற்களில் ஒளியும் களவு

துலூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கியோம் கபனாக் என்பவரும், சிரில் லபே, அலெக்சாந்தர் மகஸீனோவ் என்னும் இருவரும் கூடி 2021ஆம் ஆண்டில் வெளிக்கொணர்ந்த செய்தி, கல்வியுலகின் மனச்சாட்சியை இன்றளவும் உறுத்த வேண்டிய ஒன்றாகும். ஆங்கில விஞ்ஞான சஞ்சிகைகளிலே, செயற்கை நுண்ணறிவைக் குறிக்கும் தொடர் நிற்க வேண்டிய இடத்தில் ‘கள்ளப் பிரக்ஞை’ என்று பொருள்படும் தொடரொன்றும், மார்பகப் புற்றுநோய் என வர வேண்டிய இடத்தில் ‘நெஞ்சக அபாயம்’ என்பதும், சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் ‘கொடிக்கும் அமளிக்கும்’ உள்ள விகிதமாகியும் அச்சேறியிருந்தன. பிறர் எழுதியதை எடுத்து, பரியாயச் சொற்களைத் தானே மாற்றிப் பொருத்தும் கணினி நிரலில் இட்டு, வெளிவந்ததை ஒருமுறை படித்துப் பார்க்கும் சிரமத்தையும் மேற்கொள்ளாமல் தம் பெயரால் அனுப்பிவிட்டவர்களின் கைவரிசையே இது என்பது அவர்கள் கண்ட முடிவு.

இச்செயல் களவு என்பதில் இரண்டாவது அபிப்பிராயத்துக்கு இடமில்லை. சொல்லை மாற்றியதனால் குற்றம் குறைந்துவிடுவதில்லை. களவோடு அதனை மறைக்கும் வஞ்சனையும் சேர்வதால் அது இரட்டித்தே விடுகிறது. அப்படியே எடுத்தெழுதியவனாவது அகப்படும் அபாயத்துக்கு ஆளாகிறான். சொல் மாற்றுகிறவனோ, தான் செய்வது இன்னதென்று நன்கறிந்து, அறிந்ததனாலேயே மறைக்கிறான். உள்ளத்தால் நினைத்தலும் தீதென்று கள்ளாமைக்கு வரம்பு வகுத்த வள்ளுவர் இவனைப் பற்றி என்ன கருதுவார் என்பதை ஊகிப்பது கடினமன்று.

ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷவர்த்தனரின் ஆதரவில் விளங்கிய பாணபட்டர், தம் ஹர்ஷசரிதத்தின் முகப்பிலேயே இத்தகையோரை அடையாளம் காட்டிவிட்டார். எழுத்துகளை மாற்றியும் யாப்பின் அடையாளங்களை மறைத்தும் கவி பாடுகிறவன், எவரும் எடுத்துச் சொல்லாமலே சான்றோர் நடுவில் கள்வனென்று உணரப்பட்டுவிடுகிறான் என்பது அவர் கருத்து. நிரல் கண்டுபிடிப்பதற்குப் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே இந்நோய்க்கு லக்ஷணம் எழுதப்பட்டுவிட்டது!

நம் இலக்கணிகள் இன்னும் திட்டமானவர்கள். முதல்நூலும் வழிநூலும் சார்புநூலும் எனப் பகுத்து, முன்னோர் பொருளை மட்டுமன்றி அவர்கள் சொல்லையும் எடுத்தாள்வது போற்றுதலே என்று அனுமதித்த பவணந்தி முனிவர், அதே நன்னூலில், சிறப்புப்பாயிரம் கூற வேண்டியவற்றுள் ஆக்கியோன் பெயரை அடுத்து ‘வழி’யையும் வைத்தார். எந்நூலின் வழியே இது வந்தது என்பதைச் சொல்லிவிடு. பின் முன்னோர் சொல் உனக்கும் உரியதாகட்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் தாத்பரியம்.

மேலும், ஒரு சொல்லை வெல்லும் வேறு சொல் இல்லையென்று தெளிந்தே அதனைச் சொல்ல வேண்டுமென்பது குறள் கூறும் சொல்வன்மை. திவாகரமும் பிங்கலந்தையும் ஒரு பொருளுக்குப் பல பெயர்களைத் திரட்டித் தந்தது, இடமறிந்து ஒன்றைத் தேர்வதற்காகவே. சாஸ்திரத்திலோ அந்தத் தேர்வுக்கும் இடமில்லை. ஒரு நோய்க்கு வைத்தியர்கள் வைத்த பெயர் ஒன்றே. அதனை ‘அபாயம்’ என்று மாற்றிய கணத்தில், அக்கட்டுரையை நம்பி ஆராய்ச்சியைத் தொடர நினைக்கும் மற்றொரு வைத்தியன் எதனைத் தேடுவான், எதனை நம்புவான்? திருடப்பட்டவனுக்கு இழைத்த அநீதியினும் படிப்பவனுக்கு இழைத்த அநீதி பெரிது.

ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவன், தன் நடையின் மீது நம்பிக்கையற்றுப் பிறர் வாக்கியத்தைப் பற்றிக்கொள்கிறான் என்று பரிந்து பேசுவோர் உண்டு. அவன் இடர் மெய்யே. ஆனால் நடைக்கு உதவி தேடுவது வேறு, உடைமையை மறைப்பது வேறு. கள்வனல்லாத கவியே இல்லையென்று காவியமீமாம்சையில் ராஜசேகரர் சொன்னதைத் துணைக்கழைப்போரும் உளர். சப்தஹரணம், அர்த்தஹரணம் என்று வகைவகையாக ஆராய்ந்த அவ்வாசிரியர் பேசியது கவிதையின் சாதுரியத்தைப் பற்றி; சோதனைச்சாலையின் முடிவுகளைப் பற்றியன்று.

அகப்பட்டுவிடுவோம் என்ற அச்சமே சொல் மாற்றத் தூண்டுகிறது என்னும் சமாதானமும் பொருந்தாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள், ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனையில்லை என்றும், 60 சதவீதத்தைத் தாண்டினால் ஆய்வு மாணவனின் பதிவே ரத்தாகும் என்றும் படிகள் வகுத்துள்ளன. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் காலத்தில் ‘பர்சன்டேஜ் குறைத்துத் தரப்படும்’ என்று தொழில் நடத்துவோர் விற்பது இந்த அச்சத்துக்கான மருந்தைத்தான். வாங்குகிறவன் அவ்விதிகளைப் படித்ததில்லை போலும். மேற்கோள் குறியிட்டு, உரியவர் பெயரைச் சுட்டி எடுத்தாண்ட பகுதியும், துணைநூற் பட்டியலும், எல்லோர்க்கும் பொதுவான தொடர்கள் பதினான்கு சொற்கள் வரையிலும் அக்கணக்கிலேயே சேரமாட்டா என்று அவையே தெளிவாகக் கூறுகின்றன.