ஒழுகாத கூரை

உங்கள் வீட்டில் எங்காவது ஓதம் அடித்தால் முதலில் என்ன செய்வீர்கள்? அண்ணாந்து பார்ப்பீர்கள். எங்கே ஓட்டை? யார் கட்டினது? எவ்வளவு கொடுத்தோம்? இதே வரிசையில்தான் கேள்விகள் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. விளைவு, ஒரு ஆசாரிக்கு எட்டாயிரம் ரூபாய் பாக்கி வைத்தேன்.

ஊட்டிக்குப் பக்கத்தில் அக்கா வீடு. பின்னால் கொஞ்சம் தோட்டம். கேரட், முட்டைகோஸ், வேலியோரம் ரோஜா. மண்வெட்டி, மருந்தடிக்கிற மெஷின், விதை, சாக்கு எல்லாம் வைக்க எட்டுக்குப் பத்தில் ஒரு மர ஷெட் போட முடிவானது. பணம் என்னுடையது என்பதால் அதிகாரமும் என்னுடையதாகிவிட்டது. கற்பூர மரப் பலகையில் சுவர், மேலே தகரம். ஆசாரிக்கு அறுபது வயசிருக்கும். பேச்சு குறைவு. தரையில் முக்கால் அடிக்குக் கல் வைத்து, அதன்மேல் ஷெட்டை நிறுத்தப் பார்த்தார். கூரைக்குக் கீழே எதிரெதிர்ப் பக்கங்களில் நாலு விரல் சந்து விட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன ஆசாரி, இப்படிச் சந்து விட்டா பனியெல்லாம் உள்ளதானே வரும்?" என்றேன்.

"காத்து போகணும் சார்."

"காத்துக்காகவா ஷெட் கட்டறோம்?"

அவர் மேற்கொண்டு பேசவில்லை. சந்தைப் பலகையால் அடைத்து, மிச்ச இடுக்கில் ஸ்பாஞ்சும் திணித்தார். அக்காவுக்கு முட்டிவலி, படி ஏறமாட்டாள் என்று கல்லையும் எடுக்கச் சொன்னேன். ஷெட் மண்ணிலேயே உட்கார்ந்தது. கதவைச் சாத்தினால் ஈ நுழையாது. எனக்குப் பரம திருப்தி. கடைசித் தவணை எட்டாயிரத்தை மட்டும், "மழை முடியட்டும், பார்த்துட்டுத் தர்றேன்" என்று நிறுத்திவைத்தேன். புத்திசாலித்தனம்!

ஆடிச் சாரல் போனது. ஐப்பசி அடைமழை போனது. ஒரு சொட்டு உள்ளே இல்லை. மார்கழியில், வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்த நாளில், அக்கா போன் செய்தாள். "ஷெட்டு ஒழுகுதுடா." கத்தரிக்கோல் துரு, சாக்கில் பூஞ்சணம், விதைப் பொட்டலம் நமத்துப்போய் முளைவிட்டிருந்தது.

ஆசாரியை வரச்சொன்னேன். ஏறி, தகரத்தில் ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். உள்ளே ஈரமில்லை. இறங்கி வந்து, "கூரை ஒழுகலை சார். வேர்க்குது" என்றார். தகரம் வேர்க்குமா? சாக்கு சொல்கிறார் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிறுத்தவில்லை, அந்தத் தெருவில் பார்த்த நாலு பேரிடமும் சொன்னேன். அவர் பாக்கியைக் கேட்கவே இல்லை. அதையும் குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டேன் பாருங்கள், அதுதான் கொடுமை.

ஒரு மாசம் கழித்து பஸ்ஸுக்குக் கிளம்புகிற அவசரத்தில் சுடுசாதத்தை டிபன் பாக்ஸில் போட்டு மூடினேன். அக்கா கத்தினாள். "அப்படியே மூடாதேடா, வேர்த்துடும்!" திறந்தால் மூடியின் அடியில் வரிசையாக முத்து முத்தாகத் தண்ணீர். அப்படியே ஷெட்டின் தகரம்.

கணக்கு எளிது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 5 டிகிரிக்கு இறங்கினால் 7 கிராம்கூடத் தாங்காது. மிச்சத்தை, இருப்பதிலேயே சில்லிட்ட பொருளின்மேல் இறக்கிவைக்கும். மேகமில்லாத ராத்திரியில் தகரம் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். மழை ராத்திரியில் மேகம் கம்பளி மாதிரி மூடியிருப்பதால் அந்த அளவுக்குக் குளிராது. ஐப்பசியில் காய்ந்து மார்கழியில் சொட்டிய மர்மம் இவ்வளவுதான். நீராவி? கீழே ஈர மண், உள்ளே நான் போட்ட ஈரச் சாக்கு. வெளியே போக வழி? அதைத்தான் காசு கொடுத்து அடைத்தேனே.

இந்த மயக்கம் எனக்கு மட்டுமில்லை. 'பனி பெய்யுது' என்கிறோம். பழியை வானத்தின்மேல் போட்டுப் பேசியே பழகிவிட்டோம். பனித்துளி மேலிருந்து விழுகிறதா, மண்ணிலிருந்து எழும்புகிறதா என்று படித்தவர்களே ரொம்ப காலம் சண்டை போட்டிருக்கிறார்கள். லண்டனில் வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ் என்ற டாக்டர், ராத்திரிகளில் தோட்டத்தில் கம்பளித் துணுக்குகளை வைத்து, எடை எவ்வளவு ஏறுகிறது என்று நிறுத்துப் பார்த்து, பொருள் முதலில் குளிர்கிறது, பனி அப்புறம்தான் படிகிறது என்று 1814-ல் எழுதினார். தோட்டத்தில் குளிரில் நின்று எடை போட்டார் அந்த மனிதர். நான் ஒரு தரம் ஐப்பசியை நினைத்துப் பார்த்திருந்தால் போதும்.

என்னை உறுத்துவது அதுதான். தெரியாமல் செய்தால் பாவமில்லை என்பார்கள். நான் பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னேன். ஆனால் மழையில் ஒழுகாத கூரை வெயில் காலத்தில் ஒழுகாது என்று தெரிய பெரிய படிப்பு வேண்டியதில்லையே? தெரிந்துகொள்ளக் கிடைத்ததைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் 'தெரியாமல்' கணக்கில் வருமா? பி.காம். படித்தவன் நான். டிரையல் பேலன்ஸ் இடிக்கிறதென்றால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் வைத்துவிட்டுத் தப்பைத் தேடு, கிடைத்த ஆள் தலையில் எழுதாதே என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். ரூபாய்க்கு இருக்கிற அந்த மரியாதையை ஒரு மனுஷனுக்கு நான் தரவில்லை.

ஆசாரி வீட்டைத் தேடிப் போனேன். எட்டாயிரத்தை எண்ணிப் பார்க்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ஷெட்டு இப்ப எப்படி சார் இருக்கு?" என்று கேட்டார். மறுநாள் அவரே வந்தார். அடைத்ததைப் பிரித்து, சந்தில் எலி வராமல் கம்பிவலை அடித்தார். ஷெட்டை நெம்பித் தூக்கிக் கல் வைத்து, அடி மண்ணில் பிளாஸ்டிக் ஷீட் விரித்தார். தகரத்துக்குக் கீழே ஒரு வரிசை பலகை. சாமான் எதுவும் சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி. அக்காவுக்குப் படியும் கைப்பிடியும் வைக்க அரைமணி நேரம்தான் ஆனது. உங்களிடம் ஷெட் இருந்தால் இதையே செய்யுங்கள். கரித்துண்டும் சுண்ணாம்பும் கிண்ணத்தில் வைப்பதெல்லாம் அப்புறம். ஈரம் வருகிற வழியை அடைக்காமல், போகிற வழியைத் திறக்காமல், கிண்ணம் என்ன செய்யும்?

அடுத்த மார்கழியில் தகரம் சொட்டவில்லை.

தெருதான் பாக்கி. நாலு வீட்டுக்கும் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். ஒருவர் சிரித்தார். ஒருவருக்கு ஞாபகமே இல்லை. போன மாசம் எதிர்வீட்டுக்காரர் கோழிக்கூண்டு செய்ய ஆள் கேட்டார். ஆசாரி நம்பரைக் கொடுத்தேன்.

"யாரு, அந்த ஒழுகற ஷெட்டு கட்டின ஆளா?"

"ஒழுகலைங்க" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.