பவளத்துக்குக் கொடுக்க வேண்டிய கூலி

அய்யா உண்டு

பசித்து வந்தவனுக்கு ஒரு மரக்கால் நெல் கொடுத்தால் அது தர்மம். பக்கத்து வீட்டில் கைமாற்றாக வாங்கிய நெல்லை அளந்து திருப்பிக் கொடுத்தால் அது கடன் தீர்த்தல். வெளியே நின்று பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். இரண்டிலும் நெல் கை மாறுகிறது. ஆனால் கொடுப்பவன் மனநிலை ஒன்றல்ல. தர்மம் செய்தவன் புண்ணியம் சேர்ந்தது என்று மகிழலாம். கடன் தீர்ப்பவன் மகிழ என்ன இருக்கிறது? தாமதம் ஆயிற்றே என்று தலை குனியத்தான் வேண்டும். தர்மத்தை மனம் வந்தபோது செய்யலாம். கடனை அப்படித் தள்ளிப் போட முடியாது.

மன்னார் வளைகுடாவில் அழிந்துபோன பவளப்பாறைகளை மீண்டும் நட்டு வளர்க்கும் வேலை இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. தூத்துக்குடியைச் சேர்ந்த கடல் ஆய்வாளர்களும் வனத்துறையினரும் அதில் ஈடுபட்டிருக்கிறார்கள். கேட்பவர்கள் “நல்ல தர்மம்” என்கிறார்கள். அது தர்மம்தானா, அல்லது கடனா என்பதைச் சிந்திப்பது நல்லது.

அன்புக்கொடி மக்களுக்கு இது அயல் கடல் அல்ல. கொல்லம் ஆண்டு 1008, மாசி 20ஆம் நாள், அதாவது 1833ஆம் ஆண்டில், அய்யா வைகுண்டர் அவதாரம் கொண்டு எழுந்தருளியது திருச்செந்தூர்க் கடலில். அந்தக் கடல் மன்னார் வளைகுடாவைச் சேர்ந்தது. அதே கரையோரமாக வடக்கே போனால், தூத்துக்குடி தொடங்கி இராமேசுவரம் வரை 21 தீவுகள் வரிசையாக அமைந்துள்ளன. அந்தத் தீவுகளைச் சுற்றித்தான் பவளப்பாறைகள் இருக்கின்றன. 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது.

கல்லுக்குள் இருக்கும் உயிர்

பவளம் என்றதும் மோதிரத்தில் பதிக்கும் செம்பவளம் பலருக்கு நினைவு வரும். அது வேறு இனம். இங்கே பேசப்படுவது பாறை கட்டும் பவளம். கடற்கரை மக்கள் முருகைக்கல் என்று சொல்வார்கள். கையில் எடுத்தால் கல் போலவே இருக்கும். ஆனால் அது கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் கட்டிய வீடு. ஒவ்வொரு உயிரும் மெத்தென்ற சிறு மொட்டுப் போன்றது. கடல்நீரில் உள்ள சுண்ணாம்பை எடுத்துத் தன்னைச் சுற்றிக் கூடு கட்டுகிறது. அது இறந்தாலும் கூடு நிற்கும். அதன் மேல் அடுத்த தலைமுறை கட்டும்.

அதன் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி உயிர்கள் குடியிருக்கின்றன. பவளம் அவற்றுக்கு இடம் கொடுக்கிறது. பாசி வெயிலைக் கொண்டு உணவு சமைத்துப் பவளத்துக்கு ஊட்டுகிறது. பவளத்துக்கு வேண்டிய உணவில் பெரும்பங்கு இப்படித்தான் கிடைக்கிறது. நிறத்தைத் தருவதும் பெரும்பாலும் அந்தப் பாசியே.

கடல் தரையில் நூற்றில் ஒரு பங்குகூடப் பவளப்பாறை இல்லை. ஆனாலும் கடலுயிர் இனங்களில் ஏறக்குறைய நாலில் ஒன்று அதை அண்டி வாழ்கிறது. மீன் குஞ்சும் நண்டும் இறாலும் அதன் இடுக்குகளில் ஒளிந்து வளர்கின்றன. வந்தது எந்தக் குலம் என்று கேட்காமல் எல்லோருக்கும் நிழல் தரும் இடத்துக்கு அய்யா வழியில் நிழல் தாங்கல் என்று பெயர். கடலுக்கடியில் ஒரு நிழல் தாங்கல் உண்டென்றால் அது பவளப்பாறைதான்.

ஊழியமும் கூலியும்

இந்தப் பவளம் மனிதனுக்கு என்ன செய்தது? கரையை அடிக்க வரும் அலையின் வேகத்தைத் தன் மேல் வாங்கிக் குறைத்தது. தீவுகளின் மண் கரையாமல் காத்தது. மீனவன் வலையில் விழும் மீனைக் குஞ்சாக இருந்தபோதே வளர்த்தது. இதற்கெல்லாம் அது பெற்ற கூலி என்ன? கடப்பாரைதான்.

பல ஆண்டுகள் இக்கடலில் பவளத்தை உடைத்துப் படகுகளில் ஏற்றினார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்குப் போனது. ஆலைகளுக்குப் போனது. வீடு கட்டவும் போனது. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரில் பவளக் கற்களை இன்றும் காணலாம். உடைத்ததன் விளைவு பிறகு தெரிந்தது. தடுப்பு போனதும் அலை தீவுகளை அரிக்கத் தொடங்கியது. தூத்துக்குடி அருகே விலாங்குசல்லி, கீழக்கரை அருகே பூவரசன்பட்டி ஆகிய இரண்டு தீவுகள் நீருக்கு மேல் இல்லாமல் போயின. தூத்துக்குடியை அடுத்த வான்தீவும் அதே வழியில் சுருங்கிக்கொண்டு வந்தது.

கூலி கொடாமல் வேலை வாங்குவதற்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் சான்றோர் குலத்தின் நினைவில் ஆறாத வடுவாக இருக்கிறது. அதுதான் ஊழியம். திருவிதாங்கூர் ஆட்சியில் முன்னோர்கள் சம்பளம் இல்லாமல் சுமந்தார்கள். வரிமேல் வரி கொடுத்தார்கள். அந்தக் கொடுமையைச் செய்தவனை நீசன் என்று அய்யா வழி அடையாளம் காட்டியது. சுமப்பவன் எதிர்த்துப் பேசவில்லை, ஆகவே கூலி வேண்டாம் என்பது நீசனுடைய கணக்கு. பவளத்துக்கு வாய் இல்லை, வலி தெரியாது, அது வெறும் கல் என்று சொல்பவனும் அதே கணக்கைத்தான் போடுகிறான். கேட்க வாயில்லாதவனுக்குக் கொடுக்க வேண்டியது குறைந்துவிடாது. மறுக்க முடியாதவனிடம் எடுத்ததற்குப் பொறுப்பு கூடும்.

தாழ்ந்து கிடக்கும் எளியவரைக் காப்பதைத் தர்மமாகக் கற்பிக்கிறது அய்யா வழி. கடலின் அடியில் கிடக்கும் பவளத்தைவிடத் தாழ்ந்து கிடக்கும் உயிர் எது? அதைக் காப்பது தர்மம் என்பதில் ஐயமில்லை. ஆனால் உடைத்தபின் நட்டுக் கொடுப்பது தர்மக் கணக்கில் சேராது. அது கூலி பாக்கி.

உடைத்தவன் யார்?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். கடலில் மூழ்கிக் கல் உடைத்தவன் ஏழை. வீட்டில் அடுப்பு எரிய அவனுக்கு வேறு வழி இல்லை. அவனா கடன்காரன்?

யார் எவ்வளவு பெற்றானோ அவ்வளவு கடன் அவனுடையது. மூச்சடக்கி மூழ்கியவன் அன்றைய அரிசிக்குப் பெற்றான். காளவாய்க்காரன் அதைவிடப் பெற்றான். ஆலைக்காரன் இன்னும் பெற்றான். அந்தச் சுண்ணாம்பு பூசிய சுவருக்குள் வெயில் படாமல் உறங்கியவனும் பெற்றவனே. ஆகவே பவளத்தைக் காக்கிறோம் என்று சொல்லி, கடலில் பிழைப்பவனின் வயிற்றில் மட்டும் கை வைப்பது கடனை நேர்மையாகப் பங்கிடுவது ஆகாது. பழைய ஊழியத்தை நிறுத்தப் புதிய ஊழியம் ஏவுவதாக அது முடியும். 2001இல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. உடைப்பது குற்றமாயிற்று. அது வேண்டியதே. அத்துடன் உடைத்தவனுக்கு வேறு பிழைப்பு கிடைக்க வழி செய்வதும் அந்தக் கடனில் ஒரு பகுதி.

பதியில் கண்ணாடி முன் நிற்பவன் தன் முகத்தைத்தான் காண்கிறான். கடன்காரன் யார் என்று தேடுபவனும் முதலில் அங்கே பார்க்கலாம்.

நட்டால் போதுமா?

உடைந்த பவளத்தின் உயிருள்ள கிளைகளை எடுத்து, சிமெண்டுச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் வைக்கிறார்கள். பாசி படர்ந்து மூடாமலும் வலைத்துண்டு சிக்காமலும் அடிக்கடி மூழ்கிப் பார்க்கிறார்கள். வான்தீவின் முன்னால் 2015 முதல் கான்கிரீட்டால் ஆன செயற்கைப் பாறைகளை இறக்கி, அலையின் வேகத்தைக் குறைத்திருக்கிறார்கள். அதில் பவளமும் மீனும் குடியேறத் தொடங்கின. நல்ல வேலை.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கிளை விடும் பவளம் ஆண்டுக்கு ஒரு சாண் அளவுகூட வளர்வது அரிது. உருண்டையாகத் திரளும் பவளம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஆள் உயரத்துக்கு ஒரு திட்டு எழ நூறாண்டுக்கு மேல் ஆகும். அதை உடைக்கக் கால் மணி நேரம் போதும். திருப்பி நடலாமே என்று எண்ணி உடைப்பவன், திருப்பித் தரும் எண்ணமில்லாமல் கடன் வாங்குபவனுக்கு ஒப்பானவன். நடுவதற்கு முன்னால் காப்பது வருகிறது.

காத்திருப்பதும் செய்வதும்

கடைசியாக ஒரு கேள்வி, எல்லாவற்றிலும் கடினமானது. கடல் சூடாகிறது. கோடையின் வழக்கமான வெப்பத்தைவிட ஒரு பாகை கூடி அது சில வாரம் நீடித்தாலே, பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய் எலும்பாக வெளுக்கிறது. வெப்பம் சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும். தணியாவிட்டால் பவளம் பட்டினியில் சாகும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இப்படி நடந்தது. 2024 ஏப்ரலில், உலகக் கடல்கள் முழுவதும் நான்காம் முறையாகப் பவளங்கள் வெளுப்பதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். எங்கோ எரியும் நிலக்கரியும் எண்ணெயும் இங்கே பவளத்தைக் கொல்லும்போது, கிளை கிளையாக நட்டு என்ன பயன்? தர்மயுகம் வரும்போது எல்லாம் சரியாகாதா?

செய்வது தர்மம் மட்டுமே என்றால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கடினம். பலன் இல்லாத இடத்தில் தர்மம் செய்வானேன், வேறிடத்தில் செய்யலாமே என்று ஒருவன் சொல்லிவிடலாம். அது கடன் என்று தெரிந்துவிட்டால் கேள்வி மறைந்துவிடுகிறது. வேலை செய்த கூலிக்காரன் நோயில் படுத்துவிட்டான். பிழைப்பானோ மாட்டானோ தெரியாது. அதற்காக அவன் கூலியை யாராவது நிறுத்தி வைப்பார்களா? பிழைப்பது அவன் விதி. கொடுப்பது வாங்கியவன் கடமை. நோய்க்குக் காரணமும் வேலை வாங்கியவனே என்றால், கூலியோடு மருந்தும் சேர்ந்து வர வேண்டும்.

தர்மயுகத்தைச் சொன்ன அய்யா, அது வரட்டும் என்று மக்களைச் சும்மா இருக்கச் சொல்லவில்லை. தீண்டாமை கொடிகட்டிப் பறந்த காலத்திலேயே முத்திரிக்கிணறு தோண்டி, பதினெட்டுச் சாதியும் ஒரே நீரில் குளிக்கச் செய்தார். துவையல் பந்தியில் குடும்பம் குடும்பமாக மக்களைக் கடலோரம் இருத்தி, உடலையும் மனத்தையும் துவைத்து வாழப் பழக்கினார். வரப்போகும் யுகத்துக்கு உரிய ஒழுக்கத்தை இந்த யுகத்திலேயே தொடங்குவதுதான் அவர் காட்டிய காத்திருப்பு. பொறுமை என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது என்று அவர் வழியில் பொருள் இல்லை.

கடன் சிறிது சிறிதாகத்தான் தீரும். கடைகளில் அழகுக்கு விற்கும் பவளத் துண்டை வாங்காதிருப்பது ஒரு தவணை. நங்கூரத்தைப் பாரின் மேல் போடாமல் மணலில் இறக்குவது ஒரு தவணை. கிழிந்த வலையைக் கடலில் விடாமல் கரைக்குக் கொண்டுவருவது ஒரு தவணை. மாசி இருபதுக்குத் திருச்செந்தூர்க் கடலில் நீராடுபவர் நெகிழிப் பையையும் பழந்துணியையும் அங்கே விடாமல் திரும்புவதும், வேண்டாத விளக்கை அணைப்பதும்கூடத் தவணைதான். இவற்றைச் செய்தவர் புண்ணியம் செய்ததாக எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை. நெடுநாள் பாக்கியில் ஒரு பங்கு குறைந்தது, அவ்வளவே.

கூலி பாக்கி வைத்தவன் நீசன். கொடுத்துத் தீர்ப்பவன் சான்றோன்.

அய்யா உண்டு.