டீக் கோப்பையும் பிராயச்சித்தமும்

படிப்பும் பணமும் வந்துவிட்டால் ஆசாரம் தானாகத் தளர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். புனேயின் வரலாறு வேறு சொல்கிறது.

1890 அக்டோபரில் புனேயின் பஞ்ச் ஹௌத் கிறிஸ்தவ மிஷனில் ஒரு கூட்டம். வந்தவர்களுக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். நீதிபதி மகாதேவ் கோவிந்த ரானடே, திலகர், கோகலே எல்லோரும் அங்கிருந்தார்கள். சிலர் குடித்தார்கள், சிலர் மரியாதைக்குக் கோப்பையை வாங்கிக் கீழே வைத்தார்கள். பெயர்ப்பட்டியல் 'புனே வைபவ்' பத்திரிகையில் வெளிவந்ததும், கிறிஸ்தவர் கையால் வாங்கிக் குடித்தது ஆசாரக்கேடு என்று ஊர் கொந்தளித்தது. விவகாரம் சங்கராச்சாரியார் வரை போய், விசாரணை நடந்தது. காசியிலேயே பிராயச்சித்தம் செய்துகொண்டுவிட்டதாகத் திலகர் சொன்னார். ரானடே 1892இல் செய்துகொண்டார்.

ரானடேக்கு எதில் குறை? பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். கை நிறையச் சம்பளம். ஆனால் பிராயச்சித்தம் செய்ய மறுத்தால் வரும் சாதிவிலக்கு அவரோடு நிற்காது. அந்த வீட்டுத் திவசத்துக்குப் புரோகிதர் வரமாட்டார். கட்டிக்கொடுத்த பெண் பிறந்தகத்தில் கால் வைக்க முடியாது. படித்தவர் தாங்கிக்கொள்வார். அவரைச் சேர்ந்தவர்கள் என்ன செய்வார்கள்? நண்பர்கள் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் ரானடே இறங்கிவந்தார்.

அதே காலத்தில் நம் பக்கத்திலும் ஒருவர் இருந்தார். 'தி ஹிந்து'வைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர், விதவையான தம் சிறுவயது மகளுக்கு 1889இல் மறுமணம் செய்துவைத்தார். உறவும் சாதியும் ஒதுக்கின. அவர் அசையவில்லை. அந்தத் துணிச்சலை எந்தப் பட்டமும் தந்துவிடாது.

பணம் ஆசாரத்தைக் கூட்டுவதும் உண்டு. சமூகவியலாளர் எம். என். சீனிவாஸ் 1952இல் குடகர்களைப் பற்றி எழுதிய நூலில் இதை விளக்கினார்: வசதி வந்த சாதிகள் புலாலையும் மதுவையும் விட்டு, மேல்சாதிச் சடங்குகளை எடுத்துக்கொண்டன. அப்படி உயர்ந்த வீடுகளில் பெண்களுக்குத்தான் கட்டுப்பாடு இறுகியது.

இன்று புனேயின் ஹிஞ்சவடி ஐடி பூங்காவை ஒட்டிய வாகட்டின் அடுக்குமாடிகளில் யார் வீட்டில் யார் டீ குடித்தார் என்று எவரும் பட்டியல் போடுவதில்லை. அங்கே புரட்டாசிச் சனிக்கிழமை விரதம் இருக்கும் தமிழர் தம் விருப்பத்தால் இருக்கிறார். அந்த விரதத்துக்குத்தான் மதிப்பு அதிகம். சாதிப் பஞ்சாயத்துக்குக் கட்டுப்பட்டவருக்கு அப்படித் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை இன்னும் கைக்கு வரவில்லை. அவருக்காகவே மகாராஷ்டிரம் 2016இல் சமூக விலக்குத் தடைச் சட்டம் இயற்றியது. விலக்கி வைப்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. பாதிக்கப்பட்டவரோ குடும்பத்தாரோ போலீஸிலும் புகார் கொடுக்கலாம், நேரே மாஜிஸ்திரேட்டிடமும் போகலாம்.